கடல் போன கதையின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

எங்கள் பிரதேச சபை நூலகம் வாசிப்பு மாதத்துக்கு ஒரு மலர் போடுகிறது. அதற்கு எழுதித் தரும்படி புதிய நூலகர் வீட்டுக்கே வந்து கேட்டார். நான் சாதாரண தரம் வரை படித்தவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லவே தயங்குகிறவன். முழங்கால் நோவினால் நூலக வேலையிலிருந்து வயதுக்கு முன்னரே ஓய்வெடுத்து வந்த எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. கைத்தொலைபேசியில் நூலகத்தின் இணையப் பக்கத்தைக் காட்டினார். இப்போது வாசகர்கள் தாங்கள் படித்த நூலுக்கு அங்கே நட்சத்திரம் போடலாமாம். ஒரு நூலுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம் விழுந்திருந்தது. கீழே ஒருவர் "சரியான நீளம், வாசிச்சு முடியேல்லை" என்று எழுதியிருந்தார்.

"அண்ணை, இது உங்கடை கடல் போன கதை," என்றார் நூலகர். "இந்தப் புத்தகத்துக்காக அந்த நாளிலை ஆக்கள் சண்டையே பிடிச்சவை எண்டு சொல்லுகினம். என்ன நடந்ததெண்டு எழுதுங்கோவன்."

அதனால் எழுதுகிறேன்.

அந்த நாவலுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் எங்கள் வாசகர் எவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று தடித்த பாகங்கள். ஒரு விடியற்காலையில் ஒரு நாட்டின் கடல் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறது. ஏழு பட்டினத்து மக்கள் படகுகளையும் இழுத்துக்கொண்டு வற்றிய கடலடியில் நடந்து அதைத் தேடிப் போகிறார்கள். வழியில் பேசும் பறவைகள், மழையை விற்கும் அரசன், கல்லாக உறங்கும் அரக்கர் எல்லாரும் வருகிறார்கள். ஓர் ஓடக்காரியின் ஒரே மகனும் அந்தக் கூட்டத்தோடு போகிறான். ஓடக்காரி மட்டும் கரையில் நின்றுவிடுகிறாள். எழுதியவர் காலமாகி வெகு காலம். ஆனால் கதை பழசாகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நூலகர் கிறேஸ் மிஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே சிறிது காலம் படிப்பித்தவர். வெள்ளை வோயில் சேலை, இடது மணிக்கட்டில் ஆண்களின் பெரிய மணிக்கூடு. வாசகர் நின்றுகொண்டிருக்கும்போது அவர் ஒருபோதும் கதிரையில் இருக்கமாட்டார். குரலை உயர்த்தியும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரத்தின் நீளத்தை வைத்துக் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

அட்டை எழுதுவது, இலக்கமிடுவது, கரையான் அரித்த நூலுக்குத் துரிசு என்ற மயில்துத்தம் கலந்த கோதுமை மாப்பசை பூசுவது எல்லாவற்றையும் முதல் வருடத்தில் அவரே பழக்கினார். அவை எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. நான் பயந்தது ஒரேயொரு முறைக்குத்தான். வாசகர் நூலைத் திருப்பித் தரும்போது, அதை மூடியபடி மேசையில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, "எப்பிடி இருந்தது?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

"பிடிச்சதோ எண்டு கேளாதேங்கோ," என்றார் மிஸ். "ஓம், இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். எப்பிடி இருந்தது எண்டு கேளுங்கோ. பிறகு அவை வாயைத் திறக்கிற வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒருதர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லவும் கூடாது. அடுத்த ஆள் அவரவராய் வாசிக்கட்டும்."

"எனக்கு வெக்கம் மிஸ். ஆக்களோடை கதைக்க வராது."

"அது நல்லது. இடையிலை குறுக்கிடமாட்டியள்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன். அந்த முறையால் நான் கேட்டவை கொஞ்சமல்ல. எங்கள் பகுதியில் தோட்டம் செய்பவர்களும், இராணுவம் கரையை அடைத்ததால் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து முகாமில் இருந்த கடற்றொழிலாளர்களும் ஒரே மேசைக்கு வந்தார்கள். அவர்களில் அந்தோனி அண்ணை முதலாம் பாகத்தைத் திருப்பித் தந்தபோது நான் கேட்டேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"கதை நல்லாத்தான் இருக்குது. ஆனால் கடல் எழும்பிப் போட்டுதெண்டு எழுதியிருக்கு. எங்கடை கடல் எங்கையும் போகேல்லை தம்பி. மூண்டு கட்டை தூரத்திலை கிடக்குது. நாங்கள்தான் போகேலாது."

இவ்வளவும் சொல்லிவிட்டு இரண்டாம் பாகத்தைக் கேட்டார்.

போரின்போது நடந்த பெரிய இடப்பெயர்வில் நாங்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்த் திரும்பியபோது நூலகத்துக்கு ஒரு பக்கச் சுவர் இல்லை. நூல்கள் குவியலாக மழையில் கிடந்தன. மிஸ்ஸும் நானும் மாதக் கணக்காகப் பிரித்துக் காய வைத்தோம். கடல் போன கதையின் மூன்று பாகங்களும் மட்டையில்லாமல் கிடைத்தன. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை மிஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கம் அடிவரை நிறைந்திருந்தது. கடைசி வசனத்துக்கு முற்றுப்புள்ளி இருந்தது. மூன்றாம் பாகம் இடப்பெயர்வுக்குச் சற்று முன்னர்தான் நூலகத்துக்கு வந்தது; அதற்குள் எவரும் அதை வாசித்திருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதியும் எங்கும் இல்லை. அதுதான் முடிவு என்று எண்ணித் தைத்து, காக்கி மட்டை போட்டுத் தட்டில் வைத்தோம்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் கடல் திரும்பி வந்துவிட்டது. போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேருகின்றன. ஓடக்காரி ஒவ்வொரு படகாகப் பார்க்கிறாள். மகன் இல்லை. எல்லாப் படகும் வந்த பிறகு, வெகு தூரத்தில் இன்னும் ஒரு படகின் பாய் தெரிகிறது. அவள் தண்ணீரில் இறங்குகிறாள். அவ்வளவுதான்.

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடும். அந்தப் படகில் இருந்தது மகனா இல்லையா என்பது வருடக்கணக்காக அங்கே விவாதமாக இருந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வருவார். அவரை எல்லாரும் மாஸ்டர் என்றே சொல்வோம்.

"இதுதான் பெரிய எழுத்து," என்றார் மாஸ்டர். "முடிவை எங்கடை கையிலை விட்டிட்டார். விடையை எழுதாமல் விட்ட கணக்கு மாதிரி."

வெங்காயத் தோட்டக்காரர் கந்தையா அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "கையிலை விட்டிட்டாரோ? கூலிக்கு வந்தவன் பாதி வரம்பிலை மண்வெட்டியைப் போட்டிட்டுப் போனால் அதையும் பெரிய வேலை எண்டோ சொல்லுறது? முற்றும் எண்டு கூடப் போடேல்லை மனுசன்."

"பெரிய எழுத்தாளர்மார் முற்றும் போடமாட்டினம் கந்தையர்."

"அப்ப சின்ன எழுத்தாளரின்ரை புத்தகம் ஒண்டு எடுத்துத் தாருங்கோ. அந்தப் பொடியன் செத்துப் போனான். அதைச் சொல்ல உவருக்குத் தைரியம் இல்லை."

போர் முடிந்த பின்னர் சரசக்கா நூலகத்துக்கு வந்தார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர். அவருடைய மகன் எங்கள் வாசகன்தான். போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலத்தில் வன்னிக்கு வேலைக்குப் போனவன். கடைசிச் சண்டையோடு அவனைப் பற்றிய தகவல் இல்லாமல் போனது. சரசக்கா அவனுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் பதிந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்டது இதுதான்: "தம்பி, ஒரு ஓடக்காரியின்ரை கதை இருக்காமே. கடல் எழும்பிப் போற கதை. அவன் சோறு தின்னேக்கை எனக்குச் சொல்லுறவன். மழை விக்கிற ராசா வரைக்கும் சொன்னவன். மிச்சத்தை நான் வாசிக்க வேணும்."

மழை விற்கும் அரசன் இரண்டாம் பாகத்தின் நடுவில் வருகிறான். ஆனால் அவர் முதலாம் பாகத்திலிருந்தே தொடங்கினார். அதிகம் வாசித்துப் பழக்கமில்லாதவர். எழுத்தெழுத்தாகப் போனார். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வரும்போது எதுவரை வந்திருக்கிறார் என்று தானாகவே சொல்வார். மூன்றாம் பாகத்தைத் திருப்பித் தந்த நாளில் நான் முறைப்படி கேட்டேன்.

"அந்தப் பாய் அவன்ரைதான்," என்றார். "எழுதினவர் சொல்லாட்டிலும் அவவுக்குத் தெரியும். இல்லாட்டில் ஏன் தண்ணியிலை இறங்குறா?"

அந்த மாத வாசகர் வட்டத்துக்கு அவரும் வந்து பின்வாங்கில் இருந்தார். பேச்சு வழக்கம்போல அந்தப் பாய்க்கு வந்து சேர்ந்தது. கந்தையா அண்ணை "அந்தப் பொடியன்" என்று தொடங்கினார். திரும்பிச் சரசக்காவைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நானும் யோசிச்சுப் பாத்தனான்," என்றார். "அது அவன்ரை பாயாத்தான் இருக்கும்."

மாஸ்டரும் தலையசைத்தார். அன்றைக்குப் பிறகு எங்கள் வட்டத்தில் அந்த விவாதம் இல்லை. அந்தப் பாய் மகனுடையது என்று ஊரே ஏற்றுக்கொண்டது. யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. சரசக்கா நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மூன்றாம் பாகத்தை எடுத்துப் போவார். கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கொண்டுவருவார்.

சில வருடங்களில் வெளிநாட்டிலிருந்து மாஸ்டரின் பழைய மாணவர் ஒருவர் ஒரு பெட்டி நூல்கள் அனுப்பினார். அதில் கடல் போன கதையின் புதிய பதிப்பு, மூன்று பாகமும் இருந்தது. புதிய நூல் வந்தால் தலைப்புப் பக்கத்திலும், நடுவில் நாங்கள் மட்டும் அறிந்த ஒரு பக்கத்திலும், கடைசிப் பக்கத்திலும் முத்திரை இட வேண்டும். மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து முத்திரையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே 'முற்றும்' என்று இருந்தது. அதற்கு மேலே இருந்த வசனத்தை நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

பழைய பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் பிரதியில் கடைசி மடிப்புக் கட்டு, பதினாறு பக்கம், இல்லை. மழையில் போயிருக்க வேண்டும். நின்றபடியே அந்தப் பதினாறு பக்கத்தையும் வாசித்தேன். அந்தப் படகு கரைக்கு வருகிறது. அது மகனுடைய படகுதான். ஆனால் சுக்கானைப் பிடித்திருப்பவன் வேறொரு இளைஞன். அவனைக் காப்பாற்றப் போய் மகன் இறந்துவிட்டான். அந்த இளைஞன் தண்ணீரில் நின்றபடியே தாய்க்கு அதைச் சொல்கிறான். அவள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போடுகிறாள். மறுநாள் ஓடத்தைக் கழுவி, ஆட்களை ஏற்றத் தொடங்குகிறாள்.

பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த கந்தையா அண்ணை எழுந்து வந்தார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

நான் நூலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் வாசித்து முடித்ததும் முதலில் முகம் மலர்ந்தது. "பாத்தியே. மனுசன் வேலையை முடிச்சுப்போட்டுத்தான் போயிருக்கிறார். முற்றும் போட்டிருக்கிறார்." மாஸ்டருக்கு ஆள் அனுப்பினார். மாஸ்டர் வந்து, வாசித்து, நூலை மூடினார்.

"எண்டாலும் எங்கடை முடிவுதான் திறம்," என்றார்.

"எங்கடை முடிவோ? மழை கிழிச்ச முடிவுக்கு வருசக்கணக்கா விளக்கம் சொன்னனீங்கள்."

"நீரும் பிறகு ஒத்துக்கொண்டனீர்தானே."

கந்தையா அண்ணையின் சிரிப்பு நின்றுபோனது. "அதைத்தான் நானும் யோசிக்கிறன். சரசுவுக்கு ஆர் சொல்லுறது?"

நான் மிஸ்ஸின் அறைக்குப் போனேன். பழைய பிரதியையே தட்டில் வைத்துவிட்டு, புதியதை அலுமாரிக்குள் வைப்போம் என்று சொன்னேன். இவ்வளவு காலத்தில் நான் அவருக்குச் சொன்ன முதல் யோசனை அது. மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் துடைத்தார். அது கோபமல்ல என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"அவவிட்டை இருந்து எல்லாரும் எல்லாத்தையும் மறைக்கினம்," என்றார். "எந்தக் கந்தோருக்குப் போனாலும் மறைக்கினம். நாங்களும் மறைக்கிறதோ?"

"வாசிச்சால் உடைஞ்சு போயிடுவா மிஸ்."

"வாசிக்கச் சொல்லி நாங்கள் தள்ளவும் கூடாது. வாசிக்காதேங்கோ எண்டு பிடிக்கவும் கூடாது. இன்னும் பதினாறு பக்கம் இருக்குது எண்டு சொல்லுங்கோ. அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு சொல்லாதேங்கோ. எடுக்கிறதும் விடுகிறதும் அவவின்ரை பாடு."

"நீங்கள் சொல்லுங்கோ மிஸ்."

"அவ உங்களோடைதான் கதைக்கிறவ."

அடுத்த கிழமை சரசக்கா வந்தார். மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார். நான் இரண்டு பிரதியையும் எடுத்து மேசையில் வைத்தேன். வாசிப்பு அறையில் கந்தையா அண்ணை பத்திரிகையை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார். ஒரு தாளும் புரளவில்லை.

"அக்கா, இந்தப் பழைய புத்தகத்திலை கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. எங்களுக்கே இப்பத்தான் தெரியும். இது புதுசு. முழுசா இருக்குது."

அவர் இரண்டு நூலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் குறைப் புத்தகத்தையோ வாசிச்சனான்?"

"ஓம் அக்கா. நாங்கள் எல்லாரும்."

"நீர் மிச்சத்தை வாசிச்சிட்டீரோ?"

"ஓம்."

நான் குனிந்து மேசையைப் பார்த்தேன்.

"முகத்தை நிமித்தும் தம்பி. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

இரண்டையும் எடுக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. ஒரு மாதம் போனது. வாசகர் வட்டத்துக்கும் வரவில்லை. ஒரு தாயை நூலகத்திலிருந்து துரத்திவிட்டேன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். கந்தையா அண்ணை இடியப்பம் வாங்கும் சாட்டில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆள் சுகம்," என்றார். "இடியப்பத்திலைதான் உப்புக் கூட."

"ஏதும் சொன்னவவோ?"

"சம்பலுக்குக் காசு தனி எண்டு சொன்னா."

மாரி தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார். புதியதைத் தாரும் என்றார். நான் திகதி முத்திரை குத்திக் கொடுத்தேன். இரண்டு கிழமை தவணை முடியும் நாளிலேயே கொண்டுவந்தார். நூலுக்குப் பத்திரிகைத் தாளில் உறை போட்டிருந்தார். மிஸ் தன் அறை வாசலில் எழுந்து நின்றதை நான் கண்டேன். கேட்காமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் சரசக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்பதற்காகத்தான் நிற்கிறார் என்று விளங்கியது.

"எப்பிடி இருந்தது அக்கா?"

அவர் குடைக் கம்பியிலிருந்த தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"நல்ல முடிவு," என்றார். "நான் ஒரு மாதமா வேற விதமா நினைச்சுக்கொண்டிருந்தனான். படகு வந்திருக்கும், ஆக்கள் கூடி நிண்டிருப்பினம், ஒருதரும் வாய் திறந்திருக்கமாட்டினம், இந்த மனுசி ஒவ்வொருதரா முகத்தைப் பாத்துக்கொண்டு திரிஞ்சிருப்பா எண்டு. அப்பிடித்தானே எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொடியன் தண்ணிக்குள்ளை நிண்டுகொண்டே சொல்லுறான். கரைக்கு ஏறவும் இல்லை, அவ கேக்கவும் இல்லை. வந்த உடனை சொல்லுறான்."

நூலை என் பக்கம் தள்ளினார்.

"அவ குடுத்து வைச்சவ தம்பி. அவவிட்டை ஒருதன் வந்து சொன்னான்."

வாசிப்பு அறையில் யாரோ கதிரையை இழுத்த சத்தம் கேட்டது. கந்தையா அண்ணை வெளியே விறாந்தைக்குப் போய் மழையைப் பார்த்து நின்றார்.

"எனக்கும் அப்பிடி ஒருதன் வந்து சொன்னால் நானும் சோறு போட்டிருப்பன்," என்றார் சரசக்கா. "சொல்லாத வரைக்கும் நான் தேடத்தானே வேணும்."

நாங்கள் எல்லாரும் அந்தப் பதினாறு பக்கம் அவரிடமிருந்து எதையோ பறித்துவிடும் என்றே பயந்திருந்தோம். அவரோ அதற்குள் வேறொன்றைக் கண்டிருந்தார். மாஸ்டரின் விளக்கத்திலும், கந்தையா அண்ணையின் கோபத்திலும், என்னுடைய பயத்திலும் இல்லாத ஒன்று. அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் அதற்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது. இத்தனை வருட வேலையில் ஓய்வூதியத்தைத் தவிர எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்ல நினைப்பேன். வெட்கத்தால் சொன்னதில்லை. அந்த மேசையில் என்னை நிறுத்திய கிறேஸ் மிஸ்ஸுக்கும், என்னிடம் வாய் திறந்த எல்லா வாசகருக்கும் நான் நன்றி உடையவன்.

சரசக்கா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நூலகத்துக்கும் வருகிறார் என்று புதிய நூலகர் சொன்னார். அந்த மழை நாளில் சரசக்கா குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, சிரிக்கிற மாதிரிப் புத்தகம் ஒண்டு இருந்தால் பாரும். சின்னனா இருக்க வேணும். மூண்டு பாகம் வேண்டாம்."

தேடி எடுத்துக் கொடுத்தேன்.